தாழ்ப்பாள் கணக்கு

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பெங்களூரில் மூன்று வருடப் பட்டப்படிப்பை முடித்து, விடுதியைக் காலி செய்துவிட்டு, கோலார் தங்கவயல் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் பேத்தமங்களாவுக்குத் திரும்பினாள். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பை, ஒரு பிளாஸ்டிக் வாளி. பெட்டியை இறக்கி வைத்த கையோடு என் வீட்டுக்கு வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். சேரும்போது அவள் அப்பா கட்டிய காஷன் டெபாசிட் 5,000 ரூபாய். அறைக்கு வெள்ளையடிக்க 1,200, ஃபேன் ரெகுலேட்டர் 400, துப்புரவு 500, தாழ்ப்பாள் 150, பொதுச் சேதம் 650 என்று 2,900 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மிச்சம் 2,100-ஐக் கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்குக் கொத்து வேலை. பிடித்த தொகை அவருக்கு மூன்று நான்கு நாள் கூலி.

"அந்த ரெகுலேட்டர் நான் போன அன்னிக்கே திரும்பலை மாமா. மூணு வருசம் ஒரே வேகத்துலதான் ஃபேன் ஓடுச்சு. ரெண்டு தடவை நோட்டுல எழுதி வச்சேன், யாரும் வரலை" என்றாள்.

"தாழ்ப்பாள்?"

"அது நாங்கதான். ரூம் பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டா. இடிச்சுத் திறந்தோம். அதுக்கு நூத்தம்பது சரி. ஆனா இந்தப் பொதுச் சேதம்னா இன்னா மாமா?"

எனக்கும் பதில் தெரியவில்லை. அவள் சீட்டில் ஐந்து வரி இருந்தன. ஐந்தையும் அவள் ஒரே தராசில் போடவில்லை. ஒன்றை ஒப்புக்கொண்டாள், ஒன்றை மறுத்தாள், ஒன்றைப் புரியவில்லை என்றாள். பிடித்தம் செய்தவர்கள் அந்தளவு யோசித்ததாகச் சீட்டில் அடையாளம் இல்லை.

முதலில் வெள்ளையடிப்பு. மூன்று வருடம் இரண்டு பேர் புழங்கிய அறையின் சுவர் அழுக்காகாமல் என்ன செய்யும்? குடியிருந்தவர் இடத்தை எப்படி வாங்கினாரோ அப்படியே திருப்ப வேண்டும், இயல்பான தேய்மானம் மட்டும் நீங்கலாக என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. விடுதி அறை குத்தகை வீடு அல்ல, தங்கிக்கொள்ளக் கொடுத்த அனுமதி மட்டுமே என்று கல்லூரி வாதாடலாம். வாதாடட்டும். உட்கார உட்கார நாற்காலி தேய்வது குற்றமில்லை என்ற நியாயம் அதனால் மாறிவிடாது. வருமான வரிக் கணக்கிலேயே மரச்சாமான்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் உண்டு. 6,000 ரூபாய்க்கு வாங்கிய கட்டில் எட்டு வருடம் கழித்து அந்தக் கணக்கில் ஏறக்குறைய 2,580 ரூபாய்தான் பெறும். அந்தக் கட்டிலின் கால் முறிந்தால் மாணவர் தலையில் புதுக் கட்டிலின் விலையை ஏற்றுகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் கிழமாகும் கட்டில், பிடித்தச் சீட்டில் மட்டும் என்றும் பதினாறு!

விதிப் புத்தகத்தில் முன்கூட்டியே தொகை அச்சிட்டிருக்கிறோம், பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு பதில். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, அப்படி எழுதிவைத்த தொகை உச்ச வரம்பு மட்டுமே. கேட்டு வாங்கக்கூடியது அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடு. 1963-இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் 400 ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? கோர்ட்டை விடுங்கள், காப்பாளர் மேசையில்கூட யாரும் வாய் திறப்பதில்லை. நூலகம், ஆய்வகம், மெஸ், விடுதி என்று 'நோ டியூ' தாளில் வரிசையாகக் கையெழுத்து விழுந்தால்தான் டிசியும் மார்க்ஸ் கார்டும் கைக்கு வரும். வெளியே ஆட்டோ நிற்கிறது, அப்பா பெட்டியைத் தூக்கிவிட்டார். அந்த நேரத்தில் ரெகுலேட்டரைப் பற்றிப் பேச எந்தப் பிள்ளைக்குத் தெம்பு வரும்? அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. இடையில் விலகும் மாணவருக்குக் கட்டணத்தில் எவ்வளவு கழிக்கலாம் என்று பட்டியல் போட்ட அதே அறிவிப்பு, காப்புத்தொகையை அந்தக் கழிவில் சேர்க்காமல் முழுதாகத் திருப்பித் தரவும் சொன்னது. அது யாருடைய பணம் என்பதில் மானியக் குழுவுக்குச் சந்தேகம் இல்லை.

தங்கவயல் பக்கத்து ஆட்களுக்குக் கூலிப் பிடித்தம் புதிதில்லை. எங்கள் தாத்தாக்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களில் இறங்கியவர்கள். உளியோ விளக்கோ தொலைந்தால் சம்பளத்தில் கைவைப்பார்கள் என்ற பயத்தோடு வாழ்ந்த லைன் வீடுகள் அவை. அந்தப் பயத்துக்கு ஓர் எல்லை போட்டது 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம். கோலார் அப்போது மைசூர் சமஸ்தானத்தில் இருந்ததால் இங்கே அது நடைமுறைக்கு வர விடுதலைக்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் சேதப் பிடித்தம் பற்றி என்ன இருந்தது என்று பாருங்கள். பொருள் அந்தத் தொழிலாளியின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் அவருடைய கவனக்குறைவால் நேரடியாக நேர்ந்திருக்க வேண்டும். பிடிக்கும் தொகை சேதத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது. பிடிக்கும் முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பிடித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அபராதமாக வாங்கிய பணம் என்றால் அதை முதலாளி விழுங்க முடியாது, தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். இந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் இந்தக் காப்புகள் இருக்கின்றன.

சுரங்கத் தொழிலாளிக்கு என்றோ கிடைத்த இந்த மரியாதை, அவருடைய பேத்தி படிக்கப் போன விடுதியில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இனி அந்த 650 ரூபாய். பொதுச் சேதம் என்றால், நடைவழியிலோ குளியலறையிலோ டிவி அறையிலோ ஏதோ உடைந்தது, உடைத்தவர் யாரென்று தெரியவில்லை, ஆகவே எல்லார் தலையிலும் பங்கு போட்டாயிற்று என்று பொருள். அமெரிக்கக் கல்லூரி விடுதிகளிலும் இது பழைய வழக்கம். ஒரு மாடியில் நாற்பது பேர் இருந்தால் சேதத்தை நாற்பதால் வகுத்து அனுப்பிவிடுவார்கள். நம் நாட்டில் இதற்கு வேறொரு பரம்பரை உண்டு. 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின்படி, கலவரம் நடந்த ஊரில் கூடுதல் போலீசை நிறுத்தி அந்தச் செலவை ஊர்க்காரர்களிடமே வசூலிக்கலாம். 1942-இல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தபோது, தண்டவாளத்தைப் பெயர்த்தவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாத ஆத்திரத்தில், கூட்டு அபராதத்துக்கென்றே ஓர் அவசரச் சட்டம் போட்டார்கள். ஊர் முழுக்கத் தண்டம் கட்டியது. எல்லாரும் திருடர்களாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும் நிர்வாகத்தை எங்கள் தங்கவயல் நன்றாக அறியும். தொழிலாளர் அத்தனை பேரும் கைரேகை பதிய வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து 1930-இல் இங்கே சுரங்கங்களில் வேலைநிறுத்தமே நடந்தது.

கூட்டுத் தண்டனைக்கு இன்றைய கல்லூரி விதிகளிலும் ஓர் இடம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ராகிங் தடுப்புக்காக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில், செய்தவர் அடையாளம் தெரியாவிட்டால் கூட்டுத் தண்டனை கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. ஒரு பிள்ளையின் உயிரும் மானமும் போகும் இடத்தில் சுற்றி நின்றவர்களின் மௌனமும் குற்றத்தில் பங்குதான். ஆனால் டியூப்லைட் உடைந்ததற்கும் அதே கம்பை எடுத்தால்? மூன்றாம் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவளுக்குக் கீழ்மாடிக் குழாயைத் திருகியது யாரென்று எப்படித் தெரியும்?

இவ்வளவு சொல்லிவிட்டு நான் பிள்ளைகள் பக்கம் மட்டும் நின்றுகொண்டால் அது பொய்யாகும். காரணம், என் சொந்தக் கதை.

1996 மார்ச் 9, சனிக்கிழமை. உலகக் கோப்பைக் காலிறுதி, இந்தியாவும் பாகிஸ்தானும், அதுவும் பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்திலேயே. நான் அப்போது அந்த ஊரில் ஒரு மாணவர் விடுதியில் இருந்தேன். டிவி அறையில் எண்பது பேர். ஜடேஜா வக்கார் யூனிஸை விளாசியபோதே பெஞ்சு ஒன்று சாய்ந்தது. அமீர் சொஹைல் பவுண்டரி அடித்துவிட்டு மட்டையை நீட்டிக் காட்டியதற்கு அடுத்த பந்திலேயே வெங்கடேஷ் பிரசாத் ஸ்டம்பைப் பெயர்த்தார் பாருங்கள், யார் யார் மேல் ஏறினோம், யார் எதை வீசினோம் என்று நினைவில்லை. 39 ரன்னில் ஜெயித்தோம். காலையில் பார்த்தால் ஜன்னலில் மூன்று கண்ணாடி இல்லை. வீசியவர்களில் ஒருவன் எனக்கு நன்றாகத் தெரிந்தவன். என் அறைக்காரன். கேட்டபோது எண்பது பேரும் சுவரைப் பார்த்தோம். நானும்தான். கடைசியில் அந்த மாதம் இரவுக் காவலாளியின் சம்பளத்தில் பிடித்தார்கள், 'டூட்டியில் இருந்தது நீதானே' என்று. அவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும்போல் பத்து மணிக்கு கேட்டைப் பூட்டினார். எண்பது பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் அது. போடத் தோன்றவில்லை.

ஆகவே, பங்கு போடுவதே அநியாயம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. யாரும் ஏற்காத சேதம் காற்றில் கரைந்துவிடாது. இருப்பவர்களிலேயே எளியவர் மடியில் போய் விழும். எனக்குத் தெரிந்த விடுதிக் காப்பாளர் ஒருவர் சொல்வார்: "அஞ்சு ஆம்பியர் பிளக்ல இண்டக்‌ஷன் அடுப்பு மாட்டுறாங்க சார். சுவிட்ச் போர்டு கருகினா கரெண்ட் ஷாக்னு என் மேலயே புகார். மிஞ்சின சோத்தை வாஷ்பேசின்ல கொட்டுறாங்க. அடைப்பெடுக்க வர்ற ஆளு அதுல கைய விடணும்." அவர் பேச்சில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். அந்தச் சேதத்துக்கு யாராவது பணம் கட்டத்தான் வேண்டும். கட்டணத்தில் ஏற்றிவிட்டால் ஒழுங்காக இருக்கும் பிள்ளையும் சேர்ந்தே கட்டுகிறது, என்ன, சீட்டில் பெயர் வராது.

எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு வந்தால் வேறு மாதிரியான ஒரு பங்கு கண்ணில் படும். பாலாற்றை மறித்துக் கட்டிய பேத்தமங்களா ஏரி மிகப் பழையது. பாண மன்னர்கள் காலத்தில் இந்த ஊருக்கு விஜயாதித்யமங்கலம் என்று பெயர். உடைந்த ஏரியைப் பின்னாளில் நொளம்பரும் போசளரும் செப்பனிட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பிறகு தங்கவயலுக்கே குடிநீர் இங்கிருந்துதான் போயிற்று. அந்தக் கல்வெட்டுகளில் கரையை யார் கெடுத்தார் என்ற விசாரணை கிடையாது. யார் அடைத்தார் என்பதுதான் எழுதியிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் குடிமராமத்து என்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்கால் தூர்வார வேண்டும், கரைக்கு மண் கொட்ட வேண்டும். வராதவரிடம் அதற்காகப் பணம் வசூலிக்கச் சென்னை மாகாணத்துக்கென்று 1858-இல் சட்டமே போட்டார்கள். அதுவும் எல்லார் தலையிலும் விழுந்த பங்குதானே? எலி வளை தோண்டியதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று எந்தக் குடியானவரும் கேட்டிருக்க மாட்டார். காரணம் அவர் கொடுத்த பங்கு அவர் கண்முன்னே கரையாக நின்றது, அந்தக் கரைத் தண்ணீர் அவர் வயலுக்கே பாய்ந்தது. எங்கே அடைப்பது, எப்போது அடைப்பது என்று பேசும்போது அவரும் அந்த அரசமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஜாதிக்கும் நிலத்துக்கும் தக்கபடி அந்தப் பேச்சில் ஏற்றத்தாழ்வு இருந்தது என்பது உண்மை. நிலமில்லாதவர் மண்ணை மட்டும் சுமந்தார். அதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1942-இன் தண்டத்துக்கும் குடிமராமத்துக்கும் உள்ள தூரம்தான், என் பக்கத்து வீட்டுப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் என்று நினைக்கிறேன். 650 ரூபாய் கட்டினாளே, அதில் எந்தக் கதவு சரியானது? அவளுக்குத் தெரியாது. சரியாகி இருந்தாலும், அந்தக் கதவைத் திறக்கப் போவது அவள் போன பிறகு வருபவர்கள். படிக்கும்போது உடைந்து கிடந்த குழாய்க்குப் போகும்போது பணம் வாங்குவதை மராமத்து என்று எப்படிச் சொல்வது?

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 300 பேர் இருக்கும் விடுதி, ஆளுக்கு 5,000 டெபாசிட் என்றால் 15 லட்சம் ரூபாய். மூன்று வருடம் அது கல்லூரியின் கணக்கில்தான் கிடக்கிறது. வங்கியில் 6 சதவீத வட்டி என்று வைத்தாலும் வருடத்துக்கு 90,000. மூன்று வருடத்தில் 2,70,000. ஆளுக்கு 650 வீதம் 300 பேரிடம் பிடித்தால் கிடைப்பது 1,95,000. அதாவது பிள்ளைகளின் பணம் ஈட்டும் வட்டியே பொதுச் சேதத்தைத் தாங்கி மீதியும் இருக்கும். அந்த வட்டி இப்போது யார் பெட்டியில் விழுகிறது என்று எந்தச் சீட்டிலும் போடுவதில்லை. அதை விடுதி மராமத்து நிதி என்று தனியாக ஒதுக்கி, மாதா மாதம் என்ன வாங்கினோம், எதை மாற்றினோம் என்று மெஸ் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும். இட்லி மெனுவைப் படிக்கும் பிள்ளைகள் அதையும் படிப்பார்கள். இந்த மாதம் குழாய்க்கே இவ்வளவா என்று அவர்களே ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். காப்பாளர் விசில் ஊதுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

டெபாசிட்டைக் கல்லூரியே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதியில்லை. இங்கிலாந்தில் 2007-இலிருந்து வீட்டு வாடகை முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பிடித்தத்தில் தகராறு என்றால் அங்கேயே நடுநிலையான ஆள் தீர்ப்புச் சொல்வார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். காப்பாளர், ஒரு பேராசிரியர், இரண்டு மாணவர் சேர்ந்து பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டாலே பாதித் தகராறு தீரும். பிடித்தம் செய்கிறவரே நீதிபதியாகவும் இருப்பதுதான் இப்போது கோளாறு.

அறைக்குள் நுழையும் நாளில் சாமான் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுவது சில விடுதிகளில் உண்டு. பெரும்பாலும் அது சடங்கு. ஃபேன் 1, கட்டில் 2, மேசை 2 என்று எண்ணிக்கை இருக்கும். ஃபேன் சுற்றுமா, கட்டில் ஆடுமா என்பது இருக்காது. அந்த இடத்தில் மாணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. புது ஊர், புது நண்பர்கள் என்ற மயக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து அநியாயம் என்றால் யார் கேட்பார்கள்? உடைத்தால் அன்றே சொல்லிவிட வேண்டும். சொன்னவரைத் திட்டாமல் இருக்கக் காப்பாளர் பழக வேண்டும். இது இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. திட்டு விழும் இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் சொல்லாத இடத்தில் பொதுச் சேதம்தான் வளரும். பெற்றோர்களுக்கும் ஒன்று: 'எவ்வளவுடா பிடிச்சான்' என்று மட்டும் கேட்காமல், 'எதை உடைச்சே' என்றும் கேளுங்கள். என் அப்பா 1996-இல் அப்படிக் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினோம். சண்டைக் கடிதமில்லை. தாழ்ப்பாளுக்கான 150-ஐ ஒப்புக்கொள்கிறேன் என்று முதல் வரி. வெள்ளையடிப்பும் துப்புரவும் எந்த விதிப்படி, ரெகுலேட்டர் பற்றி நான் புகார் நோட்டில் எழுதிய பக்கத்தைப் பார்க்க முடியுமா, பொதுச் சேதத்தில் என்னென்ன அடக்கம் என்று மூன்று கேள்வி. முதல் வரி எதற்கு என்று அவள் அப்பா கேட்டார். அவளே சொன்னாள், "அது இல்லாட்டி மிச்சத்தை நம்ப மாட்டாங்கப்பா."

அவள் தம்பிக்கு இந்த வருடம் வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பங்காருப்பேட்டையில் ரயில் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். அதே டிரங்குப் பெட்டி, அதே வாளி. வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள்: "போனதும் பெட்ஷீட்டை விரிக்காதடா. மொதல்ல ஃபோனை எடுத்துத் தாழ்ப்பாள், ரெகுலேட்டர், குழாய், கட்டில் காலு எல்லாத்தையும் படம் புடிச்சு எனக்கு அனுப்பு. அப்புறம் வார்டன் சாருக்கும் அனுப்பு."

"உடைச்சா?" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

"உடைச்சா அன்னிக்கே அதையும் அனுப்பு."